நடுவில் நிற்காத குரல்

நடேசனின் மெல்லிசைக் குழுவில் ஆயுத பூஜை என்றால் ஒரு பொருளும் விட்டுப்போகக் கூடாது. கீபோர்டு, மிக்ஸர் என்று பெரிய சாமான்களில் தொடங்கி மைக் ஸ்டாண்டின் திருகு வரைக்கும் துடைத்துச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாக வேண்டும். ஒரு வருடம் ஸ்விட்ச் பெட்டி ஒன்றை மறந்துவிட்டார்கள். அடுத்த வாரமே ஒரு கோயில் கச்சேரியில் அது புகைந்து, பாதிப் பாட்டில் மேடை இருண்டது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நடேசன் யார் பேச்சையும் கேட்பதில்லை.

வில்லியனூரில் ஒரு சிமென்ட் கடையின் பின்புறம் குழுவுக்கு ஓர் அறை இருந்தது. இந்த வருடம் நடேசனின் மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கடலூர் போயிருந்ததால், குங்குமத் தட்டு ஆரோக்கியசெல்வியின் கைக்கு வந்தது. செல்வி மாதா கோயிலில் பாடி வளர்ந்தவள். நடேசனின் குழுவில் பல வருடங்களாக அவள்தான் முன்னணிப் பாடகி. தட்டை வாங்கியவள் அலட்சியமாக வேலை செய்யவில்லை. தென்னை ஈர்க்கின் நுனியால் தொட்டுத் தொட்டு, சாமான்களின் அளவுக்கு ஏற்றபடி பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னா செல்வி, கோலம் போடற மாரி வெக்கிற? சுண்டல் ஆறுது" என்றார் ரிதம் பேட் வாசிக்கும் தங்கவேல்.

"ஒண்ணும் வுடக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிக்கிறாரு. உன் மண்டையும் சாமான்தான், வா."

சுவரோரமாக ஒரு வாழையிலைத் துண்டில் சின்னச் சாமான்கள் கிடந்தன. அவற்றில் ஒன்று இன்-இயர். பாடுகிறவர் இரண்டு காதுக்குள்ளும் செருகிக்கொள்வது. மேடையில் எத்தனை இரைச்சல் இருந்தாலும் பாடுகிறவருக்குத் தன் குரல் தெளிவாகக் கேட்கும். குழுவில் அது ஒரே ஒரு செட்தான் இருந்தது. யார் காதில் அது இருக்கிறதோ அவள்தான் முன்னணிப் பாடகி என்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஏற்பட்டுப்போன வழக்கம்.

ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் அரிகரன் அன்றைக்கு அந்தக் காதுப் பகுதிகளிலிருந்து கேபிளைக் கழற்றியிருந்தான். இரண்டு வருட வியர்வையில் கேபிள் முனையின் ஊசிபோன்ற பின்கள் பச்சை பூத்திருந்தன. ஸ்பிரிட்டில் துடைத்து, காதுப் பகுதிகளைத் தனியாகவும் கேபிளைத் தனியாகவும் இலைமேல் வைத்திருந்தான். செல்வி காதுப் பகுதிகளுக்கு ஒவ்வொரு பொட்டு வைத்தாள். கேபிளின் இரண்டு முனைகளுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். முனை என்பது ஒரு நெல்மணியைவிடச் சற்றுப் பெரிது. பொட்டும் அதற்கேற்ற கடுகளவு. மறுநாள் காலை அரிகரன் அவற்றைத் திரும்பப் பூட்டிப் பெட்டியில் வைத்தான்.

ஐப்பசியின் முதல் முகூர்த்தத்துக்குத் திருபுவனையில் ஒரு வரவேற்புக் கச்சேரி. செல்வி தன் சிறிய டப்பாவிலிருந்து காதுக்குள் போகும் ரப்பர் குமிழ்களை எடுத்து மாட்டி, இரண்டு பக்கமும் செருகிக்கொண்டு முதல் பாட்டை எடுத்தாள். இரண்டாவது அடியிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

குரல் கேட்டது. சத்தமும் குறையவில்லை. ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இன்-இயரைப் போட்டுக்கொண்டால் தன் குரல் தலைக்கு நடுவில், புருவங்களுக்குச் சற்று உள்ளே நிற்பதுபோல அவளுக்கு எப்போதும் தோன்றும். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சுருதி சேர்ப்பாள். இப்போது அந்த இடம் காலியாக இருந்தது. குரல் இரண்டு பக்கமும் சிதறி, பிடரிக்குப் பின்னால் எங்கோ அலைந்தது. பேஸ் கிடாரின் கனம் வற்றிப்போயிருந்தது. குரலைப் பிடித்து இழுத்துவர அவள் இன்னும் அழுத்திப் பாடினாள். அழுத்தியதில் சுருதி மேலே ஏறியது. கீபோர்டுக்குப் பின்னாலிருந்து நடேசன் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் அவள் மேடையோரம் வந்து அரிகரனைக் கூப்பிட்டாள்.

"ஹரி, இதுல என்னமோ ஆயிருக்குடா. என் குரல் பின்னாடி போவுது."

"பின்னாடின்னா?"

"பின்னாடின்னா பின்னாடிதான். எனுக்கு முதுகுக்குப் பின்னாடி வேற எவளோ நின்னு பாடற மாரி இருக்குது."

அரிகரன் இடது பக்கத்தை வாங்கி, ரப்பரை வேட்டி நுனியில் துடைத்து, தன் காதில் வைத்துப் பார்த்தான். பிறகு அதை எடுத்துவிட்டு வலது பக்கத்தை அதே காதில் வைத்துப் பார்த்தான். இன்னொரு காதை அவன் எப்போதும் மண்டபத்துக்கு என்று திறந்தே வைத்திருப்பான். அது அவன் தொழில் பழக்கம்.

"ரெண்டு பக்கமும் கணீர்னு கேக்குதுக்கா. சவுண்ட ஏத்தட்டா?"

சவுண்டை ஏற்றினான். சிதறல் இன்னும் பெரிதாகச் சிதறியது. நான்காவது பாட்டில் செல்வி இடது பக்கத்தைக் காதிலிருந்து பிடுங்கித் தோளில் தொங்கவிட்டாள். வலது காதில் மட்டும் குரல் சரியாக இருந்தது. ஆனால் திறந்த காதில் தங்கவேலின் பேட் சத்தம் அறைந்தது. ஒரு மாதிரியாகச் சமாளித்து முடித்தாள். சாப்பாட்டுப் பந்தியில் நடேசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எடது காது எத்தினி நாளா இப்டி?"

"காதுக்கு ஒண்ணும் இல்லண்ணே."

"பின்ன எதுக்கு அதப் புடுங்கின? அதப் புடுங்கினப்புறம்தான பாட்டு நேரா வந்துச்சு?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, ஒரு ஆம்பிளிஃபயரைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டார்.

அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இருப்பதாகச் செல்விக்கே தெரியவில்லை.

பகலில் அவள் திருவாண்டார்கோயிலில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். மூடிகள் கொட்டுகிற இடத்தில் நின்று, விளிம்பு பிசகியதைப் பொறுக்குவது அவள் வேலை. காதுக்குப் பஞ்சு அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதை வைத்தால் பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்காது என்பதால் பாதிப் பெண்கள் வைப்பதில்லை. செல்வியும் வைத்ததில்லை. அவள் நிற்கிற இடத்தில் மூடி அடிக்கும் அச்சு எந்திரம் இடது கைப் பக்கம் இருந்தது. இத்தனை நாள் இதை அவள் கவனித்ததுகூட இல்லை. இப்போது அந்தப் பக்கம் ஒவ்வொரு முறை எந்திரம் இறங்கும்போதும் ஏதோ ஒன்று தன்னிடமிருந்து கழிகிறது என்று நினைத்தாள்.

வீட்டில் அவள் கணவன் பிரிட்டோ கதவுக்குப் பின்னால் நின்று பரீட்சை வைத்தான்.

"இப்ப இன்னா சொன்னேன் சொல்லு?"

"குழம்புல உப்பு இல்லன்ன."

"இந்தப் பக்கம் திரும்பு. இப்ப?"

"இன்னிக்கும் உப்பு இல்லன்ன. நேத்தும் அதான் சொன்ன."

"காது நல்லாத்தான்டி கீது. நாக்குதான் போயிடுச்சு உனுக்கு."

அவள் சிரித்தாலும் மனம் ஆறவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பெரிய ஹெட்போனை மாட்டினார்கள். முதலில் வலது காதில் மட்டும் மெல்லிய விசில் சத்தம் விட்டார்கள். கேட்டதும் பொத்தானை அமுக்கினாள். அது முடிந்து இடது காதில் விட்டார்கள். பரிசோதனை செய்த பெண் கதவைத் திறந்து, "உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கும்மா. ரெண்டும் நார்மல்" என்றாள்.

தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்துத்தான் செல்வி இந்தச் செய்தியைக் குழுவின் அறையில் நடேசனிடம் சொன்னாள். அவர் கீபோர்டு உறையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"காது நல்லா இருக்குது. செட்டும் நல்லா இருக்குதுன்னு ஹரி சொல்றான். அப்போ மிச்சம் இன்னா இருக்குது, நீயே சொல்லு."

செல்வி அந்த ஜிப்பையே பார்த்தாள்.

"பாகூர் ரிசப்ஷனுக்கு மெயின் பாட்டெல்லாம் சுகன்யா எடுத்துக்கட்டும். நீ சாமி பாட்டு ஒண்ணு பாடு, அப்புறம் கோரஸ்ல நில்லு. ஒரு ரெண்டு ப்ரோக்ராம் பாப்போம்."

"செட்டு?"

"மெயின் பாடறவதான போட்டுக்கணும்? நீ கீழ இருக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் பாக்ஸ வெச்சிப் பாடு."

"ரெண்டு ப்ரோக்ராம் பாத்துட்டு?"

"பாப்போம்னேனே செல்வி." அவர் வண்டிச் சாவியைத் தேடினார்.

சுகன்யா செல்லிப்பட்டுப் பெண். கோரஸில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. குரல் சுத்தமானது, பயம் இல்லாதது. அவள்மேல் செல்விக்கு எந்தக் குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சுகன்யாவுக்கு இதற்குமுன் இன்-இயர் போட்ட பழக்கம் கிடையாது.

பாகூரில் அந்தக் கல்யாண மண்டபம் ஏரிக்குப் போகும் சாலையில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சாமான்கள் இறங்கிவிட்டன. பூ அலங்காரக்காரர்கள் ஏணி போட்டு நின்ற மேடையிலேயே ஒருபுறமாகச் சவுண்ட் செக் நடந்தது. சுகன்யா புது ரப்பர் குமிழ்களைப் போட்டு இரண்டு காதிலும் செருகிக்கொண்டாள். செல்வி கோரஸ் மைக்குக்குப் பின்னால் நின்றாள்.

பல்லவி முடிவதற்குள் சுகன்யாவின் முகவாய் மேலே ஏறியது. அனுபல்லவியில் கண்களைச் சுருக்கினாள். சரணத்தில் குரலை அழுத்தினாள்; சுருதி ஏறியது. அவளது இடது கை, தன் பாட்டுக்கு எழுந்து இடது காதுக்குப் போயிற்று.

செல்வி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோரஸ் எடுக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டாள்.

"கோரஸ் எங்க? தூங்கறியா?" என்றார் தங்கவேல்.

பாட்டை நிறுத்தினார்கள். அரிகரன் மேடைக்கு ஏறிவந்தான். இடது பக்கத்தை வாங்கிக் காதில் வைத்தான், எடுத்தான். வலது பக்கத்தை அதே காதில் வைத்தான், எடுத்தான். "ரெண்டும் பக்காவா கேக்குது. மொத தடவ போடற இல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். நடேசன் போனில் பெண் வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தார்.

சுகன்யா நேராகச் செல்வியிடம் வந்தாள். நெற்றி வேர்த்திருந்தது.

"அக்கா, என் குரல் எங்கயோ போவுதுக்கா. புடிக்கவே முடியல. உனுக்கும் இப்டித்தான் இருந்துச்சா?"

செல்வி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மொதல்ல அப்டித்தான் இருக்கும். பழகிடும்" என்றாள்.

சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி, சமையல் கட்டுப் பக்கம் போனாள். ஒருவர் காப்பி ஊற்றிக் கொடுத்தார். பாத்திரம் கழுவும் இடத்துக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது நிம்மதிதான். காதும் போகவில்லை, குரலும் போகவில்லை. எந்திரம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கெட்டுப்போனது அந்த செட்தான். யார் போட்டாலும் அது கெடுக்கும்.

அதற்கடுத்து வந்தது ஒரு கணக்கு. அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சாயங்காலம் சுகன்யா இதே செட்டைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுவாள். மூன்றாவது பாட்டுக்குள் நடேசன் தலையைத் தூக்கிப் பார்ப்பார். நாளைக்கு அவரே போன் செய்து, சின்னப் பெண்ணால் முடியவில்லை, நீயே வா என்பார். செல்வி செய்ய வேண்டியதெல்லாம் இந்தக் காப்பியைக் குடித்து முடிப்பதுதான்.

உள்ளே சுகன்யா அதே சரணத்தை மறுபடியும் மறுபடியும் பாடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாள். தொண்டையில் மணல் விழுந்த சத்தம் வர ஆரம்பித்திருந்தது. அந்தப் பெண்ணும் நாளை மறுநாள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிவிட்டு, இரண்டும் நார்மல் என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள் என்று செல்விக்குத் தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. சுகன்யா தோற்றால் அந்தச் செட் தன் காதுக்கே திரும்பி வரும், அந்தக் கோளாறோடு. இந்த இரண்டில் எது அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியாது. காப்பியில் பாதி டம்ளரிலேயே இருந்தது.

"அதக் கழட்டிக் குடு" என்றாள் மேடைக்கு வந்து.

"பழகிடும்னியேக்கா?"

"பழகாது. குடு."

தன் டப்பாவிலிருந்து சொந்த ரப்பரை எடுத்து மாட்டி இரண்டு காதிலும் செருகினாள். "ஹரி, ட்ராக் ஒண்ணும் வேணாம். நான் சவுண்ட் செக்ல பேசினத ரெக்கார்டு பண்ணிருப்ப இல்ல, என் குரல் மட்டும் ஓட்டு" என்றாள். குரல் வந்தது, பிடரிக்குப் பின்னால் அலைந்தது. இடதை எடுத்தாள். குரல் வலது காதில் சரியாக நின்றது. வலதை எடுத்து இடதைச் செருகினாள். இடது காதிலும் சரியாகத்தான் நின்றது. இரண்டையும் போட்டாள். காணவில்லை.

"ஹரி, இங்க வா. ரெண்டையும் போடு."

"நான்தான் ரெண்டையும் பாத்தனே..."

"ஒண்ணொண்ணா பாத்த. ரெண்டு காதுலயும் சேத்துப் போட்டுப் பாரு. அசிங்கம் பாக்காத, ரப்பர் என்னுதுதான். நான் கழுவிக்கிறேன்."

அரிகரன் இரண்டு காதிலும் செருகிக்கொண்டான். இத்தனை வருடத் தொழிலில் மண்டபத்துக்குக் காது கொடுக்காமல் அவன் நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவன் முகம் மாறியது. மெதுவாக இடதை எடுத்தான், திரும்பச் செருகினான், மறுபடியும் எடுத்தான்.

"பாக்ஸ்ல பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தா வர்ற மாரி இருக்குதுக்கா" என்றான்.

இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால், ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் ஒழுங்காகத்தான் பாடும். சேர்த்துக் கேட்டால் நடுவில் இருக்க வேண்டிய குரல் கரைந்துபோகும், பேஸ் வற்றும். மைக் செட் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அரிகரன் ஒவ்வொரு பெட்டியையும் சின்ன பேட்டரி வைத்து, உள்ளே இருக்கும் கூம்பு முன்னே வருகிறதா என்று பார்த்துத்தான் ஒயர் கொடுப்பான். காதுக்குள் போகிற நெல்மணி அளவுப் பெட்டிக்கும் அதே விதி உண்டு என்று அவனுக்குத் தோன்றியதில்லை.

"ஆனா நான் பாத்துத்தானக்கா சொருவினேன்? செவப்புப் புள்ளி வெளிய பாக்கணும். ரெண்டுலயும் வெளியதான் பாக்குது, நீயே பாரு."

செல்வி ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தாள். உண்மைதான். கேபிளின் முனையில் இரண்டு மெல்லிய பின்கள் இருந்தன. எப்படித் திருப்பிச் செருகினாலும் அவை உள்ளே போய்விடும். எந்தப் பக்கம் சரி என்று சொல்வது அந்தக் கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்றுதான். காதின் மேல் வளைந்துபோகும் உறையாவது இருந்தால் மாற்றிச் செருகும்போது கேபிள் கோணிக்கொண்டு காட்டிக் கொடுத்திருக்கும். அதுவும் எப்போதோ கிழிந்துபோய்விட்டது. வலது முனையில் சிவப்பு வெளியே பார்த்தது. இடது முனையிலும் சிவப்பு வெளியே பார்த்தது.

ஆனால் இரண்டு சிவப்பும் ஒன்றாக இல்லை. வலதில் இருந்தது உருண்டையாக, மினுமினுப்பாக இருந்தது. இடதில் இருந்தது ஓரம் மங்கி, கீழே லேசாக மஞ்சள் தெரிய, கொஞ்சம் நீளவாக்கில் இழுபட்டிருந்தது. ஈர்க்கின் நுனியால் வைத்தால் அப்படித்தான் இழுபடும். செல்விக்குத் தன் கைவேலை தெரிந்தது.

விரலை நாக்கில் தொட்டு இடது முனையைத் தேய்த்தாள். சிவப்பு விரலுக்கு வந்துவிட்டது. முனை வெறும் கறுப்பாக நின்றது. திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தாள். உண்மையான புள்ளி இருந்திருக்க வேண்டிய இடத்தில், வியர்வையும் விரலும் பட்டுத் தேய்ந்த ஒரு குழி மட்டும் இருந்தது.

அரிகரன் அவள் விரலையும் முனையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"குங்குமமா?"

"குங்குமம்தான். சந்தனத்து மேல வெச்சேன், காஞ்சி ஒட்டிக்கிச்சு."

வலதில் அவள் வைத்த பொட்டு உண்மையான புள்ளியின் மேலேயே விழுந்து, அதன் வழவழப்பில் ஒட்டாமல் உதிர்ந்திருந்தது. அதனால் அங்கே ஒன்றும் மாறவில்லை. இடதில் இலைமேல் அந்த முனையின் எந்தப் பக்கம் மேலே பார்த்துக் கிடந்ததோ அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

நடேசன் போனை முடித்துக்கொண்டு வந்தார். அரிகரன் அவருக்கு விளக்கினான். பெட்டி, பேட்டரி, கூம்பு என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். நடேசன் கடைசிப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"குங்குமத்த குத்தம் சொல்லாதடா."

"குங்குமத்த யாருண்ணே சொன்னா? அது வெச்ச எடத்துலதான் இருந்துச்சு. நான்தான் வெச்சேன், இவன்தான் சொருவினான்" என்றாள் செல்வி. "இவன மட்டும் சொல்லாதீங்க."

"எல்லாத்துக்கும் வெக்கணும்னு சொன்னது நீங்கதான், அதயும் சேத்துக்கோங்க" என்று தங்கவேல் பேட் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். பூ கட்டிக்கொண்டிருந்த ஆள் ஏணிமேல் நின்று சிரித்தார்.

செல்வி இடது முனையைப் பிடுங்கி, அரைச் சுற்றுத் திருப்பி, பின் வளையாமல் நேராக அழுத்திச் செருகினாள். இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு ஒரு வரி பாடினாள். குரல் புருவங்களுக்கு நடுவில் வந்து நின்றது. எங்கும் போகாதது போலவே நின்றது. அவள் அந்த வரியோடு நிறுத்திக்கொண்டு, தன் ரப்பரைக் கழற்றிவிட்டுச் செட்டைச் சுகன்யாவிடம் நீட்டினாள்.

சுகன்யா அதே சரணத்தைப் பாடினாள். முகவாய் ஏறவில்லை. கை எழவில்லை. முடித்ததும், "அய்யோ, இங்கதான்க்கா இருக்குது" என்று இரண்டு கண்களுக்கும் நடுவில் தொட்டுக் காட்டினாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "பழகிடும்னு ஏன்க்கா சொன்ன?" என்றாள்.

"அப்ப அப்டித்தான் சொல்லணும்னு இருந்துச்சு" என்றாள் செல்வி.

சுகன்யா அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்ததா, புரிந்தும் விட்டுவிட்டாளா என்பது தெரியவில்லை.

நடேசன் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செட்டில்தான் கோளாறு என்றால், தான் பந்தியில் கேட்டதும் அறையில் சொன்னதும் வேறு மாதிரி ஆகிவிடும் என்பது அவருக்கு அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. அதற்குப் பதிலாக, "அப்போ செல்வியே போட்டுக்கட்டும். சுகன்யா, நீ கோரஸுக்கு வந்துடும்மா" என்றார்.

சுகன்யா செட்டைக் காதிலிருந்து கழற்ற ஆரம்பித்தாள். மேடைக்கென்று புதிதாகத் தைத்த ரவிக்கை போட்டிருந்தாள்.

"இருடி" என்றாள் செல்வி. நடேசன் பக்கம் திரும்பினாள். "மொத பாதி அவ பாடட்டும். ரெண்டாவது பாதி நான். நடுவுல செட்ட மாத்திக்கிறோம், ரப்பர் தனித்தனியா இருக்குது. இன்னிக்கி மட்டும் இல்ல, அடுத்து வர்ற செல்லிப்பட்டு ப்ரோக்ராம்லயும் அப்டித்தான்."

"பேர அறிவிக்கும்போது மெயின் யாருன்னு சொல்றது?"

"ரெண்டு பேரயும் சொல்லுங்க. மைக்குல சொல்றதுக்கு இன்னா, கூலியா கேக்குது?"

நடேசன் யோசித்தார். பெண் வீட்டார் வாசலில் இருந்து கை காட்டிக் கூப்பிட்டதால் யோசனையை முடிக்காமலே, "சரி சரி, போய் சாப்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேய்ந்துபோன குழிக்கு மறுபடியும் அடையாளம் வைக்க வேண்டியிருந்தது. அரிகரன் சிவப்பு மார்க்கர் எடுத்தான். "செவப்பே வேணாம்டா" என்றாள் செல்வி. சுகன்யாவின் கைப்பையில் கத்திரிப்பூ நிறத்தில் நகப்பூச்சு இருந்தது. ஒரு குச்சியால் தொட்டு, இரண்டு முனைகளிலும் வெளியே பார்க்க வேண்டிய பக்கத்தில் ஒவ்வொரு புள்ளி வைத்தார்கள். காய்ந்த பிறகு செல்வி நாக்கில் விரல் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். வரவில்லை.

சாயங்காலம் முதல் பாதியைச் சுகன்யா நன்றாகப் பாடினாள். கீழே மாப்பிள்ளையின் நண்பர்கள் அவளை இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டார்கள். இடைவேளையில் செட் கைமாறியது. செல்வி ரப்பரை மாற்றி, நகப்பூச்சு வெளியே பார்க்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு போட்டாள்.

இரண்டு பாட்டு ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது, அவள் பேரைச் சொல்லியே ஊர்களில் கேட்கிற உச்சக் குரல் பாட்டு. சரணத்தின் உயரத்துக்குப் போகும்போது குரல் நடுவில்தான் நின்றது, அசையவில்லை. அவ்வளவு தெளிவாக நின்றதாலேயே அது அந்த உயரத்தில் மெலிந்து, நூல்போல நடுங்குவதும் தெளிவாகக் கேட்டது. இதற்குக் கேபிள் காரணமில்லை, குங்குமமும் இல்லை. கூட்டம் கவனிக்கவில்லை. நடேசன் தலையைத் தூக்கவில்லை. ஆனால் செல்வி கேட்டாள்.

அடுத்த பாட்டுக்கு முன்னால் அவள் கீபோர்டு பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணே, இதுக்கு சுருதிய அரைக் கட்ட கொறச்சிக்கோங்க."

நடேசன் அவளைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. பொத்தானை ஒரு தடவை அமுக்கி, சுருதியைக் கொடுத்தார். செல்வி அதை இரண்டு காதிலும் வாங்கிக்கொண்டு, பாட்டை எடுத்தாள்.